நற்செய்தி வானொலி வாய்மூடிய காலை

கீழ்வானம் செம்மையுற, ஆற்றின்மேற் படிந்த வெண்பனி கிழிந்த துகிலெனக் கலைய, சரிவெங்கும் நெருங்கிய ஓட்டுவீடுகளின் சாளரங்கள் ஒவ்வொன்றாய்த் திறக்கும் விடியற்பொழுதில், எல்லா வீட்டினின்றும் நற்செய்தி வானொலியின் ஒரே இறைப்பாடல் எழுந்து, தெருவில் நடப்போர் ஒரு சொல்லும் தவறவிடாதபடி ஊரையே ஒற்றை மன்றமாக்கி நின்ற காலம் ஒன்றிருந்தது, கற்றறிந்த பெருமக்களே! அக்கரையிலே சாயப்பட்டறையின் புகைபோக்கிகள் கரிய விரல்கள் போல் வானைச் சுட்டி நின்றன.

அந்த வானொலியைத் தொடங்கியோர் உடன்பிறந்தார் இருவர். அக்காள் தையற்காரி, தம்பி ஒலிப்பெட்டி பழுதுபார்ப்பவன். தச்சுப்பட்டறையின் மாடியில் ஓரறை பிடித்து, அவள் வெட்டி எறிந்த துணித்துண்டுகளைச் சுவரெங்கும் தைத்து எதிரொலியை அடக்கி, அவன் பொறுக்கிச் சேர்த்த உறுப்புகளால் ஒலிபரப்புக் கருவி அமைத்து, வண்டியோட்டியும் சலவைக்காரியும் தத்தம் குரலிற் பாட வழிசெய்தனர். பாட்டினூடே கீழிருந்து இழைப்புளியின் ஓசை புகுந்துவிடும். "ஆண்டவரும் தச்சர்தானே, இருந்துட்டுப் போகட்டும்" என்று கேட்போர் நகைப்பர்.

பின்னர்ச் சாயப்பட்டறை முதலாளி வானொலிக்குக் கண்ணாடிக் கட்டடமும் உயர்ந்த ஒலிபரப்புக் கோபுரமும் ஈந்தார். தம்பி 'இயக்குநர் ஐயா' ஆனான். காலைப் பாடல்வேளை மட்டும் அக்காளிடம் எஞ்சியது. அவ்வாண்டே ஊர்ப் பொதுத்தொட்டியின் நீர் நிறந்திரிந்தது; குழந்தைகள் வாந்தியெடுத்துத் துவண்டனர்.

வானொலியின் ஆண்டுவிழா நாளன்று விடிந்ததும், தொடக்கநாளிற் பாடிய அதே சலவைக்காரி, சீவாத தலையும் சிவந்த கண்ணுமாய் இயக்குநர் அறை வாயிலில் வந்து நின்றாள்.

"ஐயா, தொட்டித் தண்ணியக் குடிக்காதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. பெரியவன் ஆஸ்பத்திரில கெடக்கான். சின்னவ… நேத்து போயிட்டா."

"ஜெபத்துல சேத்துக்கலாம்மா," என்றான் தம்பி. "தண்ணி கிண்ணின்னு பேச்செல்லாம் வேணாம். இன்னிக்கு முதலாளி வர்றாரு."

பாடலை ஒலிக்கவிட்டு வெளிவந்த அக்காள் அவன் மேசைமேலிருந்த புட்டியை நோக்கினாள். "ஏண்டா, நீ குடிக்கிறது எந்தத் தண்ணி?"

அவன் புட்டியை மேசையடியில் மறைத்தான். சாயப்பட்டறை வண்டியில் அவனுக்கென நாடோறும் வெளியூர் நீர் வந்திறங்குவதை அவள் அறிவாள். உலைவாய் இரும்பெனக் கனன்ற நெஞ்சினளாய் ஒலிபரப்பறையுட் புகுந்து, கதவைத் தாழிட்டு, பாடலை நடுவே நிறுத்தினாள்.

"பாட்டு அப்புறம் கேக்கலாம். தொட்டித் தண்ணியக் குடிக்காதீங்க. கொதிக்க வச்சும் குடிக்காதீங்க. சாயக் கழிவு கலக்குது. ஒரு பச்சப்புள்ள செத்துப்போச்சு, இவங்க இங்க நன்றிப்பாட்டு பாடச் சொல்றாங்க…"

தம்பி தன் கையாலேயே மின்விசையை இழுத்து ஒலிபரப்பை அறுத்தான். ஊரெங்கும் பாடல் அற்ற அப்பெரும் மௌனத்தில், தாய்மார் குடங்களைத் தெருவிற் கவிழ்த்தனர். திரண்டு பட்டறை வாயிலை அடைத்தனர். கழிவுவாய் மூடப்படும்வரை அகன்றிலர். சலவைக்காரியின் மகன் பிழைத்தான். முதலாளியோ ஊருக்குப் புதுக்குழாய் பதித்தார்; அதனை ஈகையென்று அவ்வானொலியே புகழ்ந்தது!

அக்காளை வெளியேற்றினர். மறு ஆண்டுவிழாவில் வானொலியின் வரலாறு இன்குரலில் வாசிக்கப்பட்டது. அதில் தையற்காரி இல்லை. இறந்த குழந்தை இல்லை. 'பழுதினால் ஒருநாட் காலை ஒலிபரப்பு சிறிதுநேரம் தடைப்பட்டது' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது.

அன்று மாலை தம்பி அவள் தையலறைக்கு வந்தான்.

"என்னை மன்னிச்சிடு, அக்கா. எனக்கு வேற வழி தெரியல."

அவள் பொறியை மிதிப்பதை நிறுத்தினாளில்லை. "என்கிட்ட ஏண்டா கேக்குற? அந்தப் புள்ளயப் பெத்தவ ரெண்டு தெரு தள்ளித்தான் இருக்கா. போய் அவகிட்ட கேளு."

 அவன் படியிறங்கி வண்டியேறினான். சலவைக்காரியின் தெருமுனையில் வண்டி ஒருகணம் தயங்கி, கண்ணாடிக் கட்டடத்தின் பக்கமே திரும்பிற்று.

இன்றும் அங்கிருந்து இனிய பாடல்கள் எழுகின்றன, பெருமக்களே. பிள்ளையை இழந்தவளின் ஓலத்தைக் கேளாச் செவியினர் இறைவனுக்கென எத்துணைப் பண்ணிசைப்பினும், அது காற்றை அலைக்குமேயன்றி ஒரு நெஞ்சினையும் எட்டாது, அவளுக்காக மூண்ட சினம் அவ்வூரில் இன்னும் தணிந்திலது, தணியவும் வேண்டா.