இரண்டாம் மதிப்பீட்டாளரின் குளவிகள்

ஹெத்விக்கின் கட்டுரையைப் பற்றி ஆய்விதழின் இரண்டாம் மதிப்பீட்டாளர் எழுதிய கருத்துகள் வந்த அன்று, அவளுடைய கணினித் திரையிலிருந்து குளவிகளும் வந்தன. பிப்ரவரி மாதம்; ஸ்வீடனின் வடக்கே லில்வீக் ஏரி பாறையாக உறைந்து கிடந்தது. பல்கலைக்கழகக் கட்டடக் காப்பாளர் எட்டிப் பார்த்துவிட்டு, குளிர்காலத்தில் குளவி வராது, ஆகவே இவை தன் பொறுப்பில் சேராது என்று சொல்லிப் போய்விட்டார்.

ஏரிச் சேற்றின் அடுக்குகளைக் கொண்டு பழைய மழைக்காலங்களைக் கண்டறிவது ஹெத்விக்கின் ஆராய்ச்சி. இதழ்களில் மூன்று கட்டுரைகள் வந்தால்தான் முனைவர் பட்டம், இரண்டு வந்துவிட்டன. மே மாதம் அவளுடைய ஒப்பந்தம் முடிகிறது. மூன்றாவது வராவிட்டால் நான்கு வருட உழைப்பும் சேற்றோடு சேறாகப் போகும். வெளியிடுமுன் கட்டுரையை அதே துறை ஆட்களிடம் மதிப்பிடக் கொடுப்பார்கள்; மதிப்பிடுவது யாரென்று எழுதியவருக்குச் சொல்ல மாட்டார்கள். முகத்தை மறைத்துக்கொண்டால் சிலருக்கு நாக்கு நீளும். கட்டுரையாசிரியர் ஏரியைப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டிருந்தது அந்த நாக்கு. பனியைத் துளைத்துக் குழாய் இறக்கி விரல் மரத்துப்போனவளிடம் கேட்ட கேள்வி இது.

ஒவ்வொரு கருத்துக்கும் நன்றி சொல்லித்தான் பதிலைத் தொடங்க வேண்டும் என்பது இதழ்களின் வழக்கம். ஹெத்விக் கொதித்தாள். அவளுடைய வழிகாட்டி குன்னெல் சிரித்தார்.

"சொல்லிட்டுப் போயேன், காசா பணமா? முப்பது வருஷமா நான் அப்படித்தான் காலத்த ஓட்டுறேன்."

சொன்னாள். ஒவ்வொரு நன்றிக்கும் இன்னொரு குளவி திரையிலிருந்து இறங்கியது. அடுத்த சுற்றுக் கருத்துகள் இன்னும் கடுமையாக வந்தன, நன்றிகளும் கூடின. மார்ச் முடிவதற்குள் மேசைக்கு மேலே தலையளவு கூடு தொங்கியது. அவளுடைய கட்டுரைப் பிரதிகளை மென்றுதான் அதைக் கட்டியிருந்தன. கூட்டின் சுவரில் அவள் வரைந்த வரைபடத்தின் ஒரு மூலை தெரிந்தது. அவள் கையுறை போட்டுக்கொண்டு தட்டச்சு செய்தாள். சக ஊழியர்கள் வணக்கம் சொல்லிவிட்டுக் கதவை மெல்லச் சாத்தினார்கள். காப்பி நேரத்தில், எதிர் அறைப் பேராசிரியர் ரூனே மட்டும் இலவங்கப்பட்டை ரொட்டித் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, குளவி கொட்டி வீங்கிய உதட்டைப் பற்றியும் கட்டுரையைப் பற்றியும் அக்கறையாக விசாரிப்பார்.

ஏப்ரலில் மூன்றாம் சுற்று வந்தது. இந்தக் கட்டுரையை எழுதியவர் வேறு தொழில் பார்ப்பது நல்லது என்றிருந்தது. 'இந்தப் பயனுள்ள கருத்துக்கு நன்றி' என்று பழக்கத்தில் அடித்துவிட்டு, ஹெத்விக் தன் வீங்கிய விரலைப் பார்த்தாள். குட்டக் குட்டக் குனிகிறவளும் முட்டாள்தான். வரியை அழித்தாள்.

"பட்டம் போயிடும், பாத்துக்க," என்றார் குன்னெல்.

"போகட்டும். கொட்டு வாங்குறதுக்கு நன்றி வேற சொல்லணுமா?"

ஒரு நன்றிகூட இல்லாமல் பதில் போனது: நீங்கள் சொல்வது தவறு, அளவுகள் இதோ. அனுப்பிய மறுகணம் குளவிகள் மொத்தமாக எழும்பி, நடைவழியில் நேராகப் பறந்து, காப்பி அறைக்குள் நுழைந்து, ரூனேயின் கம்பளிச் சட்டைக் கைக்குள் வரிசையாகப் புகுந்தன. திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல அவர் வாயே திறக்கவில்லை. எல்லோரும் பார்த்தார்கள். ஒருவர் காப்பி ஊற்றினார். பனி எப்போது உருகும் என்று பேச்சு திரும்பியது. பின்னாலேயே ஓடிவந்த ஹெத்விக் வாசலில் நின்று ரொட்டித் தட்டைப் பார்த்தாள். அந்தக் கை நீட்டிய ரொட்டியை அவள் இத்தனை நாள் தின்றிருக்கிறாள்.

இரண்டாம் மதிப்பீட்டாளர் உடல்நலக் காரணத்தால் விலகிவிட்டார், கட்டுரை ஏற்கப்படுகிறது என்று மே தொடக்கத்தில் இதழாசிரியர் எழுதினார்.

முடித்த ஆய்வேட்டை, எழுதியவரே துறைச் சுவரில் ஆணியடித்து மாட்டுவது அங்கே முறை. அன்று எல்லோரும் வந்து நிற்பார்கள். ரூனேயும் வந்தார், இடது கை தலையணைபோல வீங்கியிருக்க.

"வாழ்த்துகள் ஹெத்விக். அருமையா செஞ்சிருக்க."

கரண்டியை எடுத்துக் கொடுத்தால்கூட நன்றி சொல்கிற ஊர் அது. கோப்பைகளைப் பிடித்தபடி எல்லோரும் காத்திருந்தார்கள். ஹெத்விக் அவரை நேராகப் பார்த்தாள். பிறகு திரும்பி, ஆணியை இன்னும் இரண்டு அடி அடித்தாள். சட்டைக் கைக்குள் குளவிகள் இரைந்தன. யாரோ ஜன்னலைத் திறந்துவிட்டார்கள். காப்பி ஆறிவிடும் என்று குன்னெல் சொல்ல, எல்லோரும் கேக் வெட்டப் போனார்கள்.