பதினொரு வீடுகள்

நீலா கட்டிலடியிலிருந்து பழைய ஃபைலை இழுத்தாள். அவள் கணவர் பட்டாபிராமன் மூக்கில் ஆக்ஸிஜன் குழாயோடு பேசினார்.

"ஜெயசீலன் எத்தனை மணிக்கு வரான்?"

"பதினொண்ணுக்கு. பேசாதீங்கோ."

"பழைய படிவத்தையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தப்போறான். ஒண்ணொண்ணா சரிபார்ப்பான். என் ஸ்டூடண்ட்ஸ்லயே கெட்டிக்காரன்."

அந்தச் சரிபார்ப்புக்குத்தான் மூன்று நாளாக அவள் பயந்துகொண்டிருந்தாள்.

வீட்டுப் பெண் படித்தால் நிலம் கூடுதலாக விளையும் என்பது அவருடைய நாற்பது வருஷத்துப் பொருளாதாரம். அதற்கான முதல் கணக்கெடுப்பின்போது அவருக்கு டைபாய்டு. ரஞ்சன்காவ் பக்கத்துக் கிராமத்துக்கு நீலாதான் போய், பதினொரு வீட்டுப் படிவங்களோடு வந்தாள். திரும்பப் போய்க் கேட்க இப்போது அங்கே வயல்கூட இல்லை, தொழிற்சாலைகள்.

"அந்தப் பதினொரு வீட்லயும் பொண்கொழந்தைகள் நாலாவதோட நின்னுட்டா. விளைச்சலும் அங்கதான் குறைச்சல். அது இல்லேன்னா என் புஸ்தகமே இல்லை, நீலா."

வாசல் கதவைப் பார்த்தாள்.

"ஏன்னா... அன்னிக்கு எல்லாரும் வயல்ல காந்தா, அதான் வெங்காயம், பிடுங்கிண்டிருந்தா. ஒருத்தியும் நின்னு பதில் சொல்லலை. கடைசி பஸ் போயிடுமேன்னு பயம். ஸ்டாண்டுல உக்காந்து நானே எழுதிட்டேன். நீங்க என்ன எதிர்பார்ப்பேள்னு தெரியும். அதையே எழுதினேன்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோவமா? திட்டவாவது திட்டுங்கோளேன்."

பார்த்துக்கொண்டேதான் இருந்தார். மார்பு ஏறவில்லை என்பது சற்றுப் பொறுத்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

ஜெயசீலன் வந்தபோது கீழ்வீட்டு டாக்டர் வந்து பார்த்து, பட்டாபிராமனின் இமைகளை மூடிவிட்டுப் போயிருந்தார். அவன் கால்மாட்டில் நின்று அழுதான்.

"சார் கடைசியா ஏதும் சொன்னாங்களாம்மா?"

"புஸ்தகத்தைப் பத்தித்தான்."

"ஃபைல் இப்ப வேண்டாம்மா. பத்து நாள் கழிச்சு வாரேன்."

பத்து நாள். கிழித்துப் போடப் பத்து நிமிஷம் போதும். யார் கேட்கப்போகிறார்கள்? நீலாவுக்குத் தன் கைகளைக் கண்டே பயம் வந்தது.

"உக்காரு. ஃபைல்ல மேல இருக்கற பதினொரு படிவத்தையும் இப்பவே படி."

"சாரை இப்படி வச்சுக்கிட்டா?"

"அவர் எதிர்லயே படி."

அவன் தரையில் உட்கார்ந்தான். முதல் தாள். இரண்டாவது. 'படிப்பு' என்ற கட்டத்தில் அவன் விரல் நின்று நின்று இறங்கியது. மூன்றாவதையும் நான்காவதையும் அருகருகே வைத்தான். நீலா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்தாவது தாளை எடுத்தவன், அதைக் கீழே வைத்துவிட்டு, மறுபடி முதல் தாளை எடுத்தான்.