பெண் கேட்டு வாங்கிய விதை

பந்தலில் உட்கார்ந்தபோது நலுபேகாவுக்கு ஒரே ஒரு கவலைதான் இருந்தது. தம்பி எரியா வாயைத் திறந்து எதையாவது உளறிவைக்கக் கூடாது. பெண் கேட்கும் சடங்கில் மாப்பிள்ளை பேசவே கூடாது. அவனுக்காகப் பேசுவதற்கென்றே கம்பாலாவிலிருந்து வாமலா என்ற வாயாடி மனிதரைக் கூட்டி வந்திருந்தார்கள். பெண் வீட்டார் அவரை வாசலிலேயே நிறுத்திவைத்து, வழி தவறி வந்தவரா, மாடு தேடி வந்தவரா என்று கிண்டலடித்தார்கள். அவரும் சளைக்காமல் பதில் கொடுத்துக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகச் சீர்வரிசை உள்ளே போகத் தொடங்கியது. சர்க்கரை, சோப்பு, ஆட்டுத் தொடை, கத்திக்கொண்டே போன ஒரு சேவல், கடைசியில் வாழைக்குலைகள். இருப்பதிலேயே பெரிய குலையின் காம்பில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் நலுபேகா அம்மாவின் பக்கம் சாய்ந்தாள்.

"அம்மா, அது என் குலை!"

அம்மா பந்தலின் கூரையைப் பார்த்தாள். "கயிறு கட்டி வெச்சிருந்தியே, தம்பி சீருக்குத்தான் அடையாளம் வெச்சிருக்கேன்னு நெனச்சேன்."

"யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"நீ எப்ப வீட்டுல இருந்தே, கேக்கிறதுக்கு? சத்தம் போடாத, எல்லாரும் பாக்கிறாங்க."

நலுபேகா வாழை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். ஊரே வேகவைத்துச் சாப்பிடும் மட்டோக்கே வாழையின் இலையைக் கருக்கும் நோய் இப்போது ஊர் ஊராகப் போகிறது. அந்த நோய்க்கு அசையாத ஒரு காட்டு வாழை உண்டு. காயைத்தான் வாயில் வைக்க முடியாது. அதன் மகரந்தத்தை எடுத்து, விடியும் முன்பே ஏணியில் ஏறி, மட்டோக்கேயின் பூவில் தடவுவதுதான் அவள் பிழைப்பு. அதில் ஒரு விதை விழுந்தால் போதும், நோய் தாங்கும் பிள்ளை ஒன்று பிறக்கலாம். ஆனால் விதைதான் விழுவதில்லை.

அதற்குக் காரணம் குரோமோசோம் கணக்கு. நமக்கெல்லாம் அது இரண்டு தொகுதி, தாய் வழியில் ஒன்று, தந்தை வழியில் ஒன்று. வேரும் இலையும் வளரும்போது செல் எல்லாவற்றையும் முதலில் இரட்டித்துக்கொண்டு பிறகுதான் இரண்டாகும், அதனால் எண்ணிக்கை மாறாது. பிள்ளைக்கான செல்லில் மட்டும் அவை ஜோடி ஜோடியாக நின்று பாதியாகக் குறைய வேண்டும். மட்டோக்கேயிடம் இருப்பதோ மூன்று தொகுதி. மூன்று பேரை ஜோடி சேரச் சொன்னால் யாரோ ஒருவர் திண்டாடத்தானே செய்வார்? இழுபறியில் கன்னாபின்னாவென்று பிரிந்து, கரு உருவாகும் முன்பே கதை முடிந்துவிடும். சாப்பிடுகிறவர்களுக்குக் கொட்டையில்லாத காய், நலுபேகாவுக்குத் தலைவலி.

பண்ணைத் தலைவர் பொறுமை இழந்துவிட்டார். இந்தப் பருவத்தோடு இந்த வகையை விட்டுவிடு என்று சொல்லியிருந்தார். அம்மாவின் தோட்டத்தில் அவள் மகரந்தம் தடவிக் கயிறு கட்டிவைத்த அந்தக் குலைதான் அவளுடைய கடைசி நம்பிக்கை. அது இப்போது பெண் வீட்டுச் சமையல்கட்டில் இருக்கிறது. அழைத்ததைவிடக் கூடுதலாக ஆட்கள் வந்துவிட்டதால் காயை உடனே உரிக்கிறார்களாம். உரித்து, இலையில் பொதிந்து, ஆவியில் ஏற்றிவிட்டால் விதை இருந்தாலும் வெந்து செத்துப்போகும். எழுந்து ஓடவும் முடியாது. சடங்கு நடுவே மாப்பிள்ளையின் அக்கா எழுந்து ஓடினால், சம்பந்தம் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தபோது சமையல்கட்டிலிருந்து ஒரு கூச்சல் எழுந்தது. பெண்ணின் அத்தை கெவினா ஒரு கையில் கத்தியும் மறு கையில் வாழையிலைத் துண்டுமாக வெளியே வந்தாள். அத்தை தலையசைக்காமல் பெண் வெளியே வர மாட்டாள். வாமலாவே அந்த அம்மாளிடம் மட்டும் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்.

"மாப்பிள்ளை வீட்டாரே! எங்க பொண்ணு நகிமுலிக்குப் பல்லு வரிசையா இருக்கிறது உங்களுக்குப் பொறுக்கலையா? வாழைக்காயில கல்லு வெச்சுக் குடுத்திருக்கீங்க. என் கத்தி முனையே மழுங்கிப்போச்சு!"

இலையில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, கறுப்பாக ஒன்று இருந்தது. கொட்டை உள்ள வாழை குரங்குக்குத்தான். சீரில் அதைக் கொண்டுவருவது அவமானம். பெண் வீட்டுப் பக்கம் முணுமுணுப்பு எழ, எரியா தலையைக் குனிந்துகொண்டான்.

"விதை!" என்று நலுபேகா துள்ளி எழுந்துவிட்டாள். "அது விதை! அதைக் கீழ போட்டுடாதீங்க!"

அம்மா அவளுடைய உடையின் இடுப்புக் கச்சையைப் பிடித்து இழுத்தாள். பந்தலே திரும்பிப் பார்த்தது.

"திட்டு வாங்கிட்டு ஒருத்தி குதிக்கிறதை இப்பத்தான் பாக்கிறேன்" என்றாள் கெவினா அத்தை.

வாமலா குனிந்தார். "தாயி, சட்டுனு சொல்லு. நான் என்ன பேசணும்?" நலுபேகா காதில் கடகடவென்று சொன்னாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அம்மா, இது கல்லு இல்ல. இதுதான் சீருக்குள்ள பெரிய சீர். எந்தத் தாயும் தன்கிட்ட இருக்கிறதுல பாதியத்தான் பிள்ளைக்குப் பிரிச்சுக் குடுப்பா. இந்த வாழைகிட்ட இருக்கிறது மூணு பங்கு. பாதியாக்க முடியாம காலங்காலமா மலடின்னு பேரெடுத்தா. இந்த ஒரு தடவை பங்கே போடாம, மூணையும் அப்படியே பிள்ளை மடியில கொட்டிட்டா. உங்க வீட்டுக்கு வர்றோம்னு தெரிஞ்சுதான் கொட்டியிருக்கா!"

கைதட்டல் பறந்தது. வாமலா மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டார். கெவினா அத்தைக்குப் பிள்ளை இல்லை. அண்ணன் பிள்ளைகளைத்தான் வளர்த்து ஆளாக்கினாள் என்பது அவருக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அத்தை இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "முழுசாவா குடுத்தா?"

"எண்ணிப் பாத்தாத்தான் தெரியும் அத்தை. பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும்" என்றாள் நலுபேகா.

அத்தை உள்ளங்கையை மூடிக்கொண்டாள். "அப்ப இது எங்க வீட்டுது. குடுத்த சீரைத் திருப்பிக் கேக்கிற பழக்கம் உங்க பக்கம் உண்டா?"

நலுபேகாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அழுதால் விதை வராது. நேராகப் போய் அத்தையின் முன் மண்டியிட்டாள். "நான் திருப்பிக் கேக்கலை அத்தை. நானும் பொண்ணு கேட்டுத்தான் வந்திருக்கேன்."

பந்தலில் சிரிப்பு வெடித்தது. அத்தைக்கும் உதடு துடித்தது, ஆனால் முகத்தை இறுக்கிக்கொண்டு முறைப்படியே தொடங்கினாள்.

"எங்க பொண்ணை எங்க வெச்சுப் பாத்தே?"

"ஏணி மேல."

"குடிப்பியா?"

"டீ மட்டும்."

"எங்க வெச்சுக் காப்பாத்துவே?"

"கண்ணாடிக் குப்பியில, என் மேசை மேலயே. மண்ணுல போட்டா முளைக்காது. உள்ள இருக்கிற கருவை எடுத்து, ஊட்டித்தான் வளக்கணும்."

"நல்லபடியா வளந்து நிப்பாளா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் வேலை சுலபமாக முடிந்திருக்கும். "சத்தியம் பண்ண முடியாது அத்தை. முக்கால்வாசி பிழைக்காது. பிழைக்கலேன்னா வெறுங்கையோட வந்து இதே இடத்துல மண்டியிடுவேன்."

அத்தை உள்ளங்கையைத் திறந்தாள். "காலையிலேர்ந்து பொய் சொல்லாத மாப்பிள்ளை நீ ஒருத்திதான்" என்று விதையை அவள் கையில் வைத்து விரல்களை மூடினாள். "முதல் கன்னு எங்க வீட்டுக்கு வரணும்."

மீதிக் காய்களையெல்லாம் பெண்கள் விரலால் பிசைந்து தேடினார்கள். இன்னொரு விதை கிடைக்கவில்லை. விருந்து ரொம்பத் தாமதமானது. நகிமுலி வெளியே வந்து எரியாவின் கையைப் பிடித்ததை அன்று பசியோடுதான் எல்லோரும் கொண்டாடினார்கள்.

கல்யாணத்துக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. கரு பிழைத்தது. குப்பிக்குள் வேர் விட்டதும் நலுபேகா ஒரு வேர்நுனியை நறுக்கி, சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, நுண்ணோக்கியின் கீழ் வைத்தாள். பிரிவதற்குத் தயாராக நின்ற ஒரு செல்லில் குரோமோசோம்கள் தனித்தனியாகத் தெரிந்தன. நாற்பத்து நான்கு. வேறொரு செல்லைத் தேடி எண்ணினாள், அதிலும் நாற்பத்து நான்கு. தலைவரின் அறை இரண்டு கதவு தள்ளித்தான் இருந்தது. அவள் போனைத்தான் எடுத்தாள்.

"அத்தை, எண்ணிட்டேன். வாமலா சொன்னது சரிதான். அம்மாகிட்ட இருந்த முப்பத்து மூணும் அப்படியே பிள்ளைகிட்ட இருக்கு."

"அப்பன்?"

"அந்தக் காட்டு வாழையா? அவன்கிட்ட இருபத்திரண்டு இருந்துச்சு. பாதிதான் குடுத்தான், பதினொண்ணு."

"பாதியாவது குடுத்தானே, நல்லவன்தான்!" அத்தை சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. "பேரு வெச்சியா?"

"வெச்சுட்டேன். குப்பி மேல எழுதி ஒட்டியாச்சு. கெவினா."

மறுமுனையில் போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அத்தையின் குரல், அவளிடம் அல்ல, அந்த வீடு முழுவதற்கும் கேட்கும்படி வந்தது.

"ஏய் நகிமுலி! எல்லாரையும் கூப்பிடுடி! எனக்குப் பொண்ணு பொறந்திருக்கா!"