வரிசையில் முதல் ஆள்

தோற்றவனுக்கும் டென்னிஸில் ஒரு நப்பாசையை விட்டுவைத்திருக்கிறார்கள். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டத்தில் தோற்றவர்கள் அங்கேயே காத்திருக்கலாம். முதன்மைச் சுற்றில் யாராவது கடைசி நேரத்தில் முடியாமல் விலகினால், வரிசையில் முதலில் இருப்பவனுக்கு அந்த இடம். கூப்பிட்ட பத்து நிமிஷத்துக்குள் மட்டையோடு களத்தில் நிற்க வேண்டும். அடுத்தவன் காலில் முள் குத்தாதா என்று பார்த்திருக்கும் பிழைப்பு. என் தம்பி வரிசையில் முதல் ஆள்.

முப்பது தாண்டியாயிற்று. தோளில் இரண்டு ஆபரேஷன். பெரிய போட்டியின் முதன்மைச் சுற்றில் இதுவரை ஒரு பந்துகூட அடித்ததில்லை. இந்த முறையும் இல்லையென்றால் விட்டுவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்திருந்தான். அவனுக்குச் சமையல்காரி, டிரைவர், தோள் பிடித்துவிடுகிறவள், திட்டு வாங்குகிறவள் எல்லாம் நான்தான். அக்கா என்பது சம்பளமில்லாத உத்தியோகம்.

ஓய்வறை டிவியில் ஒவ்வொரு ஆட்டமாகத் தொடங்கியது. ஒருத்தருக்கும் ஒரு தும்மல்கூட வரவில்லை. கடைசி ஆட்டம் மட்டும் பாக்கி. அதில் ஆட வேண்டிய இருவரும் ஜன்னலுக்கு வெளியே குதித்துக் குதித்து உடம்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள்.

“அவ்ளோதான்கா. ஃபிளைட்டுக்கு நேரமாச்சு.” தம்பி பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தான்.

விமானத்தில் போடுமுன் மட்டைகளின் நரம்புகளை அறுத்துவிடுவது அவன் வழக்கம். இழுத்துக் கட்டிய நரம்போடு குளிரில் கிடந்தால் சட்டம் கோணிவிடுமாம்.

“ஆட்டம் ஆரம்பிக்கட்டும்டா. அப்புறம் அறு.”

“நீ சும்மா இரு அக்கா. அவன் குதிக்கிற குதியப் பாத்தியா?”

கோபம் வந்தால் அவன் கை நிற்காது. எல்லா மட்டையையும் நறுக் நறுக்கென்று அறுத்துத் தள்ளினான். கத்தரிக்கோலைப் பையில் போடுவதற்குள் ஒலிபெருக்கி அவன் பேரைக் கூப்பிட்டது.

குதித்துக்கொண்டிருந்தவன் ஷூ லேஸ் கட்டக் குனிந்திருக்கிறான். முதுகு பிடித்துக்கொண்டது. நிமிர முடியாதவனை அப்படியே பையும் மட்டையுமாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஒரு மட்டையை எடுத்துக்கொண்டு நரம்பு கட்டுகிறவரிடம் ஓடினேன்.

“எவ்ளோ அவசரமா கட்டினாலும் இருபது நிமிஷம் ஆகும்மா.”

போட்டி அதிகாரியிடம் கெஞ்சினேன். “ரூல்ஸ் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா” என்றார். மரியாதையாகச் சொன்னார், அதுதான் இன்னும் எரிச்சல்.

ஓய்வறையில் மிச்சமிருந்தவன் ஒரே ஒருவன். நெட்டையன் என்று கூப்பிடுவோம். வரிசையில் இரண்டாவது ஆள். பல வருஷமாகப் போகிற ஊரிலெல்லாம் எங்கள் வாடகைக் காரிலேயே வருகிறவன், என் கையால் சாப்பிட்டவன். அவன் பை நிறைய மட்டைகள், எல்லாம் நரம்போடு.

“ஒண்ணே ஒண்ணு குடுப்பா. ஆடிட்டுத் தந்துருவான்.”

அவன் பையை இறுக்கிக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். “அக்கா... எனக்கும் இதான்கா கடைசி.”

வாயில் வந்ததையெல்லாம் கொட்டியிருப்பேன். தம்பி என் கையைப் பிடித்தான்.

“விடுக்கா. நானா இருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன்.”

நெட்டையன் திரும்பிப் பார்க்காமல் களத்துக்குப் போனான். தம்பி மண்டியிட்டு நரம்புத் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தான். டிவியை அணைத்துவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் சத்தத்தை என்ன செய்வது? ஒவ்வொரு அடிக்கும் அவன் வலது தோள் தானாக அசைந்தது. பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன். அது நிற்கவில்லை.