கொக்கியில் தொங்கிய கோல்

மலையிலிருந்து இறங்கிய மூடுபனி பலகைக்கல் சுரங்க அருங்காட்சியகத்தை மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது. பார்வையாளர்களைக் குகைக்குள் ஏற்றிச்செல்லும் அன்றைய கடைசி வண்டி கிளம்ப வேண்டிய நேரம். ஓட்டுநர் இத்வல், நிலையச் சுவரின் கொக்கியில் தொங்கிய சிவப்புக் கோலை எடுத்துக்கொண்டு தன் குட்டி நீராவி இன்ஜினில் ஏறினார்.

அந்த ஒற்றைப் பாதைக்கு ஒரே சட்டம்தான். கோல் யார் கையிலோ, பாதை அவருடையது. கொக்கியில் இருந்தால் பாதையில் ஆளில்லை. மதிய வண்டி திரும்பியதும் பாதையைப் பராமரிக்கும் ஈவோர்தான் அதை எடுத்துக்கொண்டு, குகைக்குள் உதிர்ந்த கற்களை அகற்றத் தள்ளுவண்டியோடு போயிருந்தார். இப்போது கோல் திரும்பிவிட்டது. ஆளும் வீட்டுக்குப் போயிருப்பார்.

பெட்டிகளில் குழந்தைகள் கூச்சலிட்டார்கள். எதிரே குகை வாய் திறந்து கிடந்தது.

தேநீர்க்கூடத்து எலினெத் ஈரக்கையைத் துடைத்தபடி ஓடிவந்தார். "இத்வல், ஈவோர் எங்க? அவருக்கு மூடி வச்ச டீ அப்படியே ஆறிக் கெடக்கு."

நிலையப் பொறுப்பாளர் மெய்ரியன் சிரித்தார். "உங்க கேக்குக்குப் பயந்து பின்வாசல் வழியா ஓடியிருப்பான்."

"கேலியை அப்புறம் வச்சுக்குங்க. மழையோ வெயிலோ, என் டீயைக் குடிக்காம அந்த மனுஷன் வீட்டுக்குப் போனதே இல்ல."

"கோல்தான் வந்திருச்சேம்மா! கிளம்புப்பா இத்வல், ஜனங்க குளிர்ல நடுங்குறாங்க."

இத்வலின் கை நீராவிப் பிடியில் இருந்தது. ஆனால் அவர் கண் சீட்டு ஜன்னலுக்குப் போனது. கோலைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளப் பார்வையாளர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று இந்தக் கோடையில்தான் அதே போல இன்னொன்று செய்து, அங்கே ஒரு கூடையில் வைத்திருந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலும் வித்தியாசம் தெரியாது என்பதில் மெய்ரியனுக்கு ஏகப் பெருமை.

கூடை காலியாக இருந்தது.

"மெய்ரியன், போட்டோக் கோல் எங்க?"

"அங்கதான்... யாராவது படம் எடுத்துட்டு, கொக்கியில மாட்டி..." மெய்ரியன் வெறுங்கொக்கியைப் பார்த்தார்.

இத்வல் இறங்கி, விளக்கை எடுத்துக்கொண்டு குகைக்குள் நடந்தார். "ஈவோர்!" என்று கூப்பிட்டார். நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. மறுபடி கூப்பிட்டார். தன் குரலே திரும்பி வந்தது. உதடுகள் தாமாகவே ஜெபம் சொல்லத் தொடங்கின.

வளைவைத் தாண்டியதும் வெளிச்சத்தில் கவிழ்ந்த தள்ளுவண்டி தெரிந்தது. அதன் பக்கத்தில், காலைப் பெரும் பலகைக்கல் ஒன்று அழுத்தியிருக்க, தண்டவாளத்தில் தலைசாய்த்துக் கிடந்தார் ஈவோர். வளைவில் திரும்பும் எந்த ஓட்டுநராலும் அந்தத் தூரத்தில் வண்டியை நிறுத்தியிருக்க முடியாது.

"வந்துட்டியாப்பா," என்றார் ஈவோர் ஈனமான குரலில். "வலிதான் உயிர் போகுது. பயம் மட்டும் இல்ல. கோல் என்கிட்டதானே இருக்கு, வண்டி எப்படி வரும்?"

நெஞ்சோடு அணைத்திருந்த சிவப்புக் கோலை அவர் தூக்கிக் காட்டினார். இத்வல் அந்தக் குளிர்ந்த கையைப் பற்றிக்கொண்டு, வெளியே ஆட்களைக் கூவி அழைத்தார்.

ஈவோரை ஆம்புலன்சில் ஏற்றியபோது எலினெத் புதிதாகப் போட்ட தேநீரைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு கூடவே ஏறினார். இத்வல் இன்ஜினுக்குத் திரும்பி, அங்கே கிடந்த போட்டோக் கோலை நெருப்பறைக்குள் எறிந்தார். சிவப்புச் சாயம் கொப்புளித்துக் கருகும்வரை மெய்ரியன் தொப்பியைக் கழற்றிப் பிடித்தபடி அவர் பக்கத்தில் நின்றார்.