படம் வரைந்தவர் பெயர்

1.

“ஃபிரெடி, 1542-ல வந்த மூலிகைப் புத்தகத்துல அச்சுக்கட்டை செதுக்கினவனுக்கே பேரும் மூஞ்சியும் போட்டிருக்கான்! படம் வரைஞ்ச எனக்கு ஒரு வரி போட்டா என்ன போயிடும்?”

“கிரீன் கார்டு போயிடும். எச்-ஃபோர் விசாவுல இருந்துக்கிட்டு வேலை செஞ்சேன்னு ஆகிடும்.”

“வேலையா? ஒரு டாலர் வாங்கலையே!”

“அங்கிளே ரிஸ்க்குன்னு சொல்லிட்டார், ஜோசபின்.”

சன்னிவேல், 1999. பக்கத்து அபார்ட்மென்ட் சண்டை சுவர் தாண்டிக் கேட்டது. அந்த அங்கிள் நான்தான். இந்தக் கதையை எழுத வேறு காரணம் இல்லை.

2.

‘ஜோசபின் மென்மையான, சோகமான...’ என்று ஆரம்பித்தேன். அடித்துவிட்டேன். அவள் மென்மையானவள் இல்லை. பாளையங்கோட்டையில் எம்.எஸ்சி. தாவரவியல் முடித்தவள். ஃபிரெடியின் விசாவில் வந்ததால் வேலைக்குப் போக முடியாது. ஒரு நூலகத்தில் வாலண்டியராகச் சேர்ந்தாள். ஐரோப்பாவின் பழைய மூலிகை நூல்களை அங்கே கண்காட்சியாக வைக்க இருந்தார்கள். கையேட்டுக்கு அதே பாணியில் இந்த ஊர்ச் செடிகள் வேண்டும் என்றார்கள். பதினொரு மாதத்தில் முப்பத்திரண்டு படம் வரைந்தாள்.

(அந்த நூல்களில் ஒரே கிளையில் மொட்டும் பூவும் காயும் சேர்ந்திருக்கும். “எந்தச் செடிம்மா இப்படி நிக்கும்?” என்று கேட்டேன். “ஒரு வருஷத்தை ஒரே பேப்பர்ல போடுறோம் அங்கிள், அவ்வளவுதான்.”)

3.

அச்சுக்குப் போகுமுன் ஃபிரெடி நூலகத்துக்கு போன் பண்ணிப் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டான். கண்காட்சி அன்று ஜோசபின் கையேட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். கண்ணாடிப் பெட்டி தந்தவர்கள் முதல் பிஸ்கட் தந்த கடை வரை நன்றி. படங்களுக்கு ‘ஒரு தன்னார்வலர்’.

“படமெல்லாம் சூப்பரா வந்திருக்கு” என்றான் ஃபிரெடி.

“யார் வரைஞ்சது?”

அவன் சுற்றிலும் பார்த்தான். “மெதுவா பேசு.”

4.

முடிவு ஒன்று: மறுபதிப்பில் பெயர் வருகிறது. (மறுபதிப்பே வரவில்லை.)

முடிவு இரண்டு: அவள் ஃபிரெடியை விட்டுவிட்டு... (இல்லை. கிரீன் கார்டு வந்தது. இப்போது டேட்டாபேஸ் வேலை. பென்சிலைத் தொடுவதில்லை.)

நடந்தது இதுதான். அந்தச் சண்டைக்கு முன்பே, சர்ச்சில் காபி குடிக்கும்போது, கையேட்டில் அவள் பெயர் வரலாமா என்று ஃபிரெடி கேட்டான். “பேர் வந்தா ரிஸ்க்கு தம்பி” என்றேன். எனக்கு விசா சட்டம் ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ‘வக்கீலைக் கேளு’ என்றாவது சொல்லியிருக்கலாம்.

5.

ஜோசபின் அவளுடைய நிஜப் பெயர் இல்லை. எதற்கு வம்பு என்று மாற்றினேன், அவளைக் கேட்காமலேயே. ஃபிரெடி செய்ததும் இதைத்தானே?

நாளை அவள் கதவைத் தட்டி, தெரியாமல் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு, இந்தக் கதையில் நிஜப் பெயரைப் போடட்டுமா என்று கேட்கலாமா? இத்தனை நாள் கழித்து அது அவளுக்கா, எனக்கா? தயவுசெய்து பதில் எழுதுங்கள். மொட்டைக் கடிதமாக வேண்டாம்.