இந்த இணைப்பு தடுக்கப்பட்டது

அண்ணனுடைய ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளுக்குப் பூட்டம்மா என்று பேர் வைத்தவள் அண்ணிதான். அங்கே கணினிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சேர்ந்த புதிதிலேயே எல்லா மேசைகளிலும் இருந்த மின்னஞ்சல் நிரலில் சில வகை இணைப்புகள் திறக்காதபடி செய்துவிட்டாள். ஒரு கோப்பின் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி வரும்; புள்ளிக்குப் பின்னால் வருகிற சில எழுத்துகள்தான் அது என்ன வகை என்று சொல்லும். படம், கடிதம் என்றால் நிரல் வழிவிடும். தொட்டவுடன் தானாக ஓடத் தொடங்கும் வகை என்றால் வாசலிலேயே நிறுத்திவிட்டு, மேலே மஞ்சள் பட்டையில் ‘இந்த இணைப்பு தடுக்கப்பட்டது’ என்று எழுதிக் காட்டும். எந்தெந்த வகை கூடாது என்று நிரலோடு ஒரு பட்டியல் வந்திருந்தது. அது போதாதென்று அவள் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்திருந்தாள்.

“என் வாய்க்குத்தான் இன்னும் பூட்டுப் போடல” என்பாள் அண்ணி.

“அதுக்குப் பூட்டு செய்யிற கம்பெனி இன்னும் பொறக்கல, அண்ணி.”

அண்ணி முன்னறையில் உட்கார்ந்திருப்பாள். வருகிறவர்களின் பேரைப் பதிந்துகொள்வது, அறிக்கைகளை அனுப்புவது, பயந்தவர்களோடு பேச்சுக் கொடுப்பது எல்லாம் அவள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் ரத்தக் குப்பிகளைச் சுழற்றும் இயந்திரம் உறுமிக்கொண்டே இருக்கும். சாதாரணப் பரிசோதனைகளை அங்கேயே முடித்துவிடுவார்கள். கட்டியிலிருந்து எடுத்த சதைத்துண்டு என்றால் நகரத்தின் நடுவிலிருந்த பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பி, அங்கிருந்து முடிவு வரக் காத்திருக்க வேண்டும்.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருவர் டீச்சர். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். இடது மார்பில் ஒரு கட்டி. தினமும் பள்ளிக்கூடம் போகும் முன் வந்து மின்விசிறிக்குக் கீழே உட்காருவார். மடியில் விடைத்தாள் கட்டு இருக்கும், கையில் சிவப்புப் பேனா இருக்கும். ஒரு தாள்கூடத் திருத்தப்படாது.

“வந்துச்சாம்மா?” என்பார்.

“இன்னும் இல்ல டீச்சர். வந்ததும் முதல் போன் உங்களுக்குத்தான்.”

ஒரு நாள், டீச்சர் எழுந்து போன கொஞ்ச நேரத்தில் பெரிய ஆய்வகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. டீச்சர் பேர், வயது, சதைத்துண்டு அனுப்பிய எண் எல்லாம் சரியாக இருந்தன. முன்பு அண்ணி எழுதிக் கேட்டதற்குப் பதிலாகவே வந்திருந்தது. கீழே முன்பு வழக்கமாக எழுதிவந்த பெண் எழுத்தரின் கையெழுத்து. மேலே மஞ்சள் பட்டை.

“பூட்டம்மா, இங்க கொஞ்சம் வா. டீச்சரோட ரிப்போர்ட்டப் பிடிச்சு வச்சிருக்கு உன் பூட்டு.”

அவள் வந்து பார்த்தாள். கோப்பின் கடைசி எழுத்துகள் அவள் பட்டியலில் இருந்தவை. “ரிப்போர்ட்ட இந்த மாதிரி அனுப்ப மாட்டாங்க அண்ணி. போன் பண்ணிக் கேளுங்க.”

அண்ணி அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. சரி, எழுதியாவது கேட்போம் என்று ‘கோப்பு திறக்கவில்லை, வேறு விதமாக அனுப்ப முடியுமா’ என்று எழுதினாள்.

பதில் உடனே வந்துவிட்டது. அந்த ஆய்வகத்திலிருந்து எதற்கும் அவ்வளவு சீக்கிரம் பதில் வந்ததில்லை. ‘சிரமத்துக்கு வருந்துகிறோம். கோப்பின் பெயரில் கடைசி எழுத்துகளை மாற்றி அனுப்பியிருக்கிறோம். அதைச் சேமித்துக்கொண்டு, பெயரைப் பழையபடி மாற்றித் திறக்கவும். பூட்டம்மாவுக்குச் சொல்ல வேண்டியதில்லை.’

அண்ணி சிரித்தபடிதான் அவளைக் கூப்பிட்டாள். “பாரேன், உன் பேர் அங்க வரைக்கும் போயிருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அவங்களுக்கு இந்தப் பேர எப்பவாவது எழுதியிருக்கீங்களா?”

“நான் ஏன் எழுதப் போறேன்? வாயாலதான் கூப்பிடுறேன்.”

“போன்ல பேசும்போது?”

“இல்லம்மா.” அண்ணியின் சிரிப்பும் மெல்ல அடங்கியது.

அவள் எல்லோருடைய அஞ்சல்களிலும் அந்தப் பேரைத் தேடினாள். ஒரே ஓர் இடத்தில் கிடைத்தது. அண்ணன் அண்ணிக்கு எழுதியது. ‘பிரிண்டர் மறுபடி மக்கர் செய்கிறது. பூட்டம்மாவைப் பார்க்கச் சொல்.’ அந்த அஞ்சல் வீட்டாரைத் தாண்டி எங்கும் போகவில்லை. அப்படியென்றால் அண்ணனுடைய அஞ்சல் பெட்டிக்குள் உட்கார்ந்து யாரோ படித்துக்கொண்டிருக்கிறார்கள். பிரிண்டர் கெட்டுப்போனதையும் படித்திருக்கிறார்கள். அவள் நாற்காலியைச் சுவர்ப் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அண்ணன் உள்ளறையில் நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தார். அவள் சொன்னதையெல்லாம் கண்ணை எடுக்காமலே கேட்டுக்கொண்டார். பெரிய ஆய்வகத்திலிருந்து பாஸ்வேர்ட் கேட்டு ஏதாவது வந்ததா என்றபோதுதான் நிமிர்ந்தார்.

“போன வாரம் ஒண்ணு வந்துச்சு. புது முறையில ரிப்போர்ட் பாக்கணும்னா உள்ள நுழையணும்னு. போட்டேன்.”

“அண்ணா.”

“அவங்க அட்ரஸ்லேருந்துதானே வந்துச்சு. நான் சந்தேகப்படணுமா?”

அவள் அங்கேயே நின்று அவருடைய கடவுச்சொல்லை மாற்றினாள். பெரிய ஆய்வகத்து முகவரியிலிருந்து வரும் எதையும் இனி உள்ளே விடாமல் தடுக்கப் போவதாகவும் சொன்னாள். அங்கேதான் வாக்குவாதம் வந்தது.

“எல்லா பயாப்ஸி முடிவும் அங்கேருந்துதான் வருது. அத நிறுத்தினா நான் கடையைச் சாத்த வேண்டியதுதான்.”

“அந்த முகவரி இப்ப அவங்க கையில இல்ல.”

“அது உன் ஊகம். வெளிய ஒருத்தங்க உசுரக் கையில பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க. அவங்ககிட்ட என்ன சொல்லச் சொல்ற, ஊகத்தையா?”

அண்ணன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. “நானே நேர்ல போய்க் கையோட வாங்கிட்டு வரேன்” என்றாள். கிளம்பும்போது அண்ணியிடம், “நான் வர்ற வரைக்கும் அதத் தொடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினாள்.

பெரிய ஆய்வகத்தின் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும் வகை. அன்று அதைக் கையால் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. உள்ளே நீண்ட கூடம். வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் ஒரு கணினித் திரை, எல்லாமே இருண்டு கிடந்தன. திரைகளுக்கு முன்னால் ஆட்கள் குனிந்து பேனாவால் எழுதிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரோடும் பேசவில்லை. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு தொலைபேசி அடித்தது. பக்கத்தில் இருந்தவர் அதைப் பார்த்தார், எடுக்கவில்லை.

கவுண்டரில் இருந்தவர் டீச்சரின் எண்ணைக் கேட்டுவிட்டுத் தாள் கட்டுகளைப் புரட்டினார். “இன்னும் பாக்கலம்மா. வரிசையில இருக்கு.”

“முடிவு அனுப்பிட்டதா உங்க மெயில் வந்திருக்கே.”

அவர் கை நின்றது. “எங்க மெயிலா?”

அவள் கையெழுத்துப் போட்டிருந்த எழுத்தரின் பேரைச் சொன்னாள். அவர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்தம்மா வேலைய விட்டுப் போய் ரொம்ப நாளாச்சு. இங்க ஒரு மெஷினும் ஓடல. எங்ககிட்டேருந்து ஒரு மெயிலும் போகல.”

“அப்ப யார் அனுப்புறாங்க?”

“வெளிய சொல்லக்கூடாதுன்னு மேல உத்தரவு” என்றார் அவர். கேட்டதற்கு அது பதில் இல்லை. ஆனால் அவரிடம் வேறு எதுவும் இல்லை என்று முகம் சொன்னது. தாள் கட்டைத் திரும்பவும் அடுக்கி வைத்தார்.

வாசலுக்கு வந்ததும் அண்ணிக்கு அழைத்தாள். எடுக்கவில்லை. பேருந்தில் மறுபடி அழைத்தாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஓட்டுநர் சாவகாசமாக நிறுத்தி, சாவகாசமாக எடுத்தார். அண்ணன் எண்ணும் அடித்து ஓய்ந்தது. நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்தால் போனை இழுப்பறைக்குள் போட்டுவிடுவது அவர் பழக்கம்.

பரிசோதனைக் கூடத்துக்குள் நுழைந்தபோது முன்னறையில் எல்லோருக்கும் அண்ணி பேரீச்சம்பழம் கொடுத்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“டீச்சருக்கு ஒண்ணும் இல்லம்மா. வெறும் கொழுப்புக் கட்டியாம். பள்ளிக்கூடத்துலேருந்து பாதியில ஓடி வந்தாங்க, பாவம். முடிவு வந்திருக்குன்னு தெரிஞ்சும் எப்படி இல்லைன்னு சொல்றது? என் கையப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டாங்க.”

“தொறந்தீங்களா?”

“அவங்க சொன்ன மாதிரிதான் செஞ்சேன். பேர மாத்தினதும் தொறந்துக்கிச்சு. நீயே பாரு.”

திரையில் அறிக்கை திறந்திருந்தது. பெரிய ஆய்வகத்தின் முத்திரை, டீச்சரின் பேர், வயது, ‘புற்றுநோய் அறிகுறி எதுவும் காணப்படவில்லை’ என்ற வரி. அழகாக, பிழையில்லாமல் இருந்தது. திறந்தவர் நிம்மதியாக மூச்சு விட்டு அப்பால் போய்விட வேண்டும், சந்தேகமே வரக்கூடாது என்று யோசித்து எழுதியது. அதற்குப் பின்னால் வேறெதுவோ வேலை செய்துகொண்டிருந்தது. மேசைக்குக் கீழே கணினிப் பெட்டியின் விளக்கு நிற்காமல் துடித்துக்கொண்டிருந்தது.

அவள் மண்டியிட்டு இணையக் கம்பியைப் பிடுங்கினாள். பிறகு மின்கம்பியையும் பிடுங்கினாள்.

“என்ன பண்ற நீ?”

“அங்க டீச்சரோடத இன்னும் பாக்கவே இல்ல அண்ணி.”

அண்ணி புரியாமல் நின்றாள். புரிந்ததும் பழத்தட்டை மேசையில் வைத்தாள், பாதி மேசையிலும் பாதி வெளியிலுமாக. அது கவிழ்ந்தது. யாரும் பொறுக்கவில்லை.

அவளுடைய பட்டியல் கோப்பின் பெயரைத்தான் பார்க்கும். பெயர் மாறி வந்தால் சாதுவாக உள்ளே விட்டுவிடும். அது அவளுக்குத் தெரிந்ததுதான். உள்ளே வந்த பிறகு யாராவது கையால் பெயரை மாற்றித் திறக்க வேண்டுமே, யார் அப்படிச் செய்யப் போகிறார்கள் என்று விட்டிருந்தாள். அண்ணி மாதிரி இரக்கப்படுகிற ஒருத்தி செய்வாள் என்பதை, அந்த அஞ்சலை எழுதியவன் யோசித்து வைத்திருந்தான்.

டீச்சர் வீட்டுக்கு இருவரும் போனார்கள். அண்ணன் தானும் வருவதாகச் சொல்லிச் செருப்பை மாட்டினார், அண்ணிதான் வேண்டாமென்று தடுத்தாள். “நான்தான் படிச்சுக் காட்டினேன். நான்தான் சொல்லணும்.”

மாடிப்படி ஏறி மணி அடித்தார்கள். டீச்சர் தலை கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு கதவைத் திறந்தார். அண்ணி சொல்லி முடிக்கும் வரை கதவைப் பிடித்தபடியே நின்றார்.

“அப்ப இருக்குன்னு சொல்ல வர்றீங்களா?”

“இல்ல டீச்சர். இருக்கா இல்லையான்னே இன்னும் தெரியாது.”

டீச்சர் கதவிலிருந்து கையை எடுத்தார். பிறகு, “என் பேரு, எனக்கு எங்க கட்டி, எல்லாம் அந்த ஆளுக்குத் தெரியுமா?” என்றார்.

“தெரியும்” என்றாள் பூட்டம்மா.

டீச்சர் கைகளால் மார்பை மூடிக்கொண்டார், அவர்கள் எதிரில் துணியில்லாமல் நிற்பவரைப் போல.

அவர்கள் திரும்பி வந்தபோது அண்ணன் இரண்டு காதிலும் இரண்டு தொலைபேசியை வைத்துக்கொண்டு நின்றார். கம்பியைப் பிடுங்குவதற்கு முன்பே கணினியிலிருந்த எல்லா முகவரிகளும் வெளியே போய்விட்டன. கூடத்தின் பேரில், இதுவரை அங்கே ரத்தம் கொடுத்த அத்தனை பேருக்கும் அஞ்சல் போய்க்கொண்டிருந்தது. ‘உங்கள் முடிவு இணைப்பில் உள்ளது.’ எங்கிருந்து போகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: ரிப்போர்ட் வந்திருக்கிறது, திறக்க மாட்டேன் என்கிறது, என்ன செய்ய வேண்டும்?

“தொறக்காதீங்க” என்று அண்ணி தொண்டை கட்டும் வரை சொன்னாள். ஒருவர் மட்டும் சந்தோஷமாகப் பேசினார். “தொறந்துட்டேம்மா. எல்லாம் நல்லா இருக்குன்னு போட்டிருக்கு.” அண்ணி தொலைபேசியை நாத்தனாரிடம் நீட்டினாள்.

கூடம் சில வாரங்கள் மூடிக் கிடந்தது. விசாரிக்க வந்தவர்கள் கணினிகளைக் கட்டி எடுத்துப் போனார்கள். யார் செய்தது என்று சொல்ல அவர்கள் திரும்பி வரவில்லை. திறந்த பிறகு அறிக்கைகளைக் கையில்தான் கொடுத்தார்கள். அண்ணனும் தங்கையும் அதைப் பற்றி மறுபடி பேசிக்கொள்ளவில்லை. மின்னஞ்சலில் வரும் எந்த இணைப்பையும் அண்ணன் அவளைக் கேட்காமல் தொடுவதில்லை, அவ்வளவுதான். வாழ்த்து அட்டை வந்தாலும் கூப்பிட்டுக் காட்டுவார்.

டீச்சரின் உண்மையான முடிவு பேனாவால் எழுதி வந்தது. கெட்ட கட்டிதான். வெட்டி எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், தலைமுடி கொட்டியது. மறுபடி ரத்தம் கொடுக்க வந்த அன்று அதே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அண்ணியிடம் சொன்னார்.

“அந்தப் பொய் ரிப்போர்ட்டப் படிச்சுட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன் பாருங்க, அன்னிக்கு மாதிரி ஒரு தூக்கம் அதுக்கப்புறம் வரவே இல்ல.”

அண்ணி டீச்சரின் சட்டைக் கையை மடித்துவிட்டு, நரம்பைத் தேடும் ஊழியருக்காக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.